பழைய காரில் தோள் பெல்ட்: வாங்கும் முன் தகட்டைப் பாருங்கள்

கேள்வி இதுதான். 1960-களில் வந்த நான்கு கதவு கார், முன்னால் முழுநீள பெஞ்ச் சீட், அதில் இருப்பது வெறும் இடுப்பு பெல்ட். அதைக் கழற்றிவிட்டு, இழுத்தால் வந்து விட்டால் தானாகச் சுருண்டுகொள்ளும் இந்தக் காலத்துத் தோள் பெல்ட் போட வேண்டும். முன்கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணில் ஒரு துளை போட்டு, உள்ளே பெரிய வாஷர் வைத்து போல்ட்டை இறுக்கினால் போதுமா? உடைக்க வந்த ஒரு புது காரில் இருந்து கழற்றிய பெல்ட் கைவசம் இருக்கிறது, அதையே மாட்டலாமா?

இரண்டுக்கும் என் பதில், வேண்டாம். ஆனால் தோள் பெல்ட் போட வேண்டும் என்ற எண்ணம் நூற்றுக்கு நூறு சரி. இடுப்பில் மட்டும் கட்டியிருக்கும் ஆள் மோதலின்போது இடுப்பில் மடிவார், தலையும் மார்பும் நேராக முன்னால் போய் இடிக்கும். அந்தக் காலத்துக் காரில் முன்னால் இருப்பது என்ன? இரும்பு டேஷ்போர்டு, அதற்கு முன்னால் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டீயரிங் தண்டு. மோதினால் தானே நசுங்கிக்கொடுக்கும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் போட ஆரம்பித்ததே 1967 மாடல்களில்தான். அதற்கு முந்தைய பெரும்பாலான கார்களில் அது விட்டுக்கொடுக்காத இரும்புக் கம்பி. ஆகவே மேல் உடம்பைப் பின்னால் பிடித்துவைக்க ஏதாவது வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. எல்லோரும் பெல்ட்டைப் பற்றியே பேசுகிறார்கள், பெல்ட் எதில் தொங்குகிறது என்பதை யாரும் பேசுவதில்லை, அதுதான் என் குறை. முறையான அங்கீகாரம் உள்ள எந்தப் பெல்ட்டும் அறுந்து போவது அபூர்வம். பிய்த்துக்கொண்டு வருவது அதைப் பிடித்திருக்கும் தகடு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், மோதியதில் காரின் மூக்கு நசுங்குவது, பெல்ட் இழுபடுவது எல்லாம் சேர்த்து அவர் உடம்பு அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கணம் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டிய விசை சராசரியாக 1,400 கிலோ எடைக்குச் சமம். சராசரிதான், உச்சத்தில் இதைவிட அதிகம். பழைய கார்களின் முன்பகுதி இன்றைய கார்கள் மாதிரி கணக்குப் போட்டு நசுங்குவதில்லை என்பதால் அந்த அரை மீட்டரே தாராளமான கணக்குதான். அமெரிக்க அரசின் பெல்ட் பிடிமான விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 210 கேட்பதும் இந்த அளவில்தான் இருக்கிறது: இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் என்றால் இடுப்புப் பகுதிக்கு 3,000 பவுண்டு (ஏறக்குறைய 1,360 கிலோ), தோள் பகுதிக்கு 3,000 பவுண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் பார்ப்பார்கள். இடுப்பு பெல்ட் மட்டும் என்றால் 5,000 பவுண்டு. இனி உங்கள் கார்த் தூணின் உள்தகட்டைத் தட்டிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன், அவ்வளவுதான். அதில் ஒரு துளை, பின்னால் ஒரு வாஷர் என்றால், சட்டையைப் பிடித்து இழுக்கும்போது பித்தான் துணியைக் கிழித்துக்கொண்டு வருகிறதே, அதேபோல் வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அதனால் துளைக்கும் இயந்திரத்தை எடுப்பதற்கு முன்னால், கம்பெனியே விட்டிருக்கும் பிடிமானம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெல்ட் இல்லாமல் விற்ற கார்களில்கூட, அதே மாடல் வேறு நாட்டுக்குப் போனபோது பெல்ட் தேவைப்பட்டதால் உள்ளே நட் வைத்தே பாடி செய்திருப்பார்கள். அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் முன்சீட்டின் இரண்டு ஓரங்களுக்கும் தோள் பெல்ட் கட்டாயமானது, திறந்த கூரை கார்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே அந்த ஆண்டை ஒட்டிய மாடல்களில் கிடைக்கும் வாய்ப்பு நிறைய. தூணை மூடியிருக்கும் ரெக்சின் உறையின் மேல், தோள் உயரத்திலும் அதற்குச் சற்று மேலும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் உறை லேசாகக் குழியும், குழியின் ஓரம் வட்டமாக விரலுக்குத் தட்டுப்படும். உறையைத் தூக்கிப் பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் மூடியோ, பெயின்ட் படிந்த மரையோ இருக்கும். கூரைத் துணிக்கு உள்ளே, கதவுக்கு மேல் ஓடும் சட்டத்திலும் தேடுங்கள். தரையில், சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் ரப்பர் மூடி போட்ட துளை தெரியும். தரையின் நடுவே மேடாக ஓடும் டன்னலின் பக்கவாட்டிலும் இருக்கலாம். இடுப்பு பெல்ட் ஏற்கெனவே இருக்கிறது என்றால் கீழ்ப் பிடிமானங்கள் இரண்டும் கிடைத்துவிட்டன என்று பாதி நிம்மதி, முந்தைய உரிமையாளர் யாரோ தாமாக மாட்டியது இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு.

இந்த மரை பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று உள்ள யூஎன்எஃப் என்ற நுண்மரை வகை. மில்லிமீட்டர் போல்ட்டைப் புகுத்திப் பார்க்காதீர்கள், இரண்டு சுற்று போகும், அப்புறம் மரை போய்விடும். ஐம்பது வருஷப் பெயின்ட்டும் துருவும் அடைத்திருக்கும் என்பதால் அதே அளவு மரை வெட்டும் கருவி (டேப்) ஒன்றை எண்ணெய் விட்டு, அரைச் சுற்று உள்ளே கால் சுற்று வெளியே என்று மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். போல்ட் பெல்ட்டோடு வருவதையே போடுங்கள். தலையில் தர அடையாளம்கூட இல்லாத சாதாரண போல்ட் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் வெட்டுவிசை வந்தால் முதலில் போவது அதுதான்.

பிடிமானம் இல்லவே இல்லை என்றால் தூணுக்குள் தகடு வைக்க வேண்டும். தூண் என்பது திடமான கம்பம் இல்லை. வெளித்தகடு, உள்தகடு இரண்டையும் ஓரத்தில் ஸ்பாட் வெல்டிங் செய்த வெறும் கூடு. உள்தகட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, பின்புறம் நட் வெல்டிங் செய்த தகட்டை அதற்குள் நுழைத்து, தூணின் உள்தகட்டோடு சுற்றிலும் வெல்டிங் செய்து, வெட்டிய ஜன்னலையும் மூட வேண்டும். தகட்டின் அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு வேண்டுமென்றால், மோட்டார் பந்தயங்களை நடத்தும் எஃப்ஐஏ தன் விதியில் ஒவ்வொரு பெல்ட் முனைக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமன், 40 சதுர சென்டிமீட்டர் பரப்பு என்று சொல்கிறது. இது குறைந்தபட்சம். தூணில் அகலம் கிடைக்காது, ஆகவே நீளமாக வெட்டுங்கள், மேலும் கீழுமாக விசை பரவட்டும். மூலைகளைக் கூராக விடாமல் உருட்டிவிடுங்கள். கூர்மூலைதான் கிழிசல் தொடங்கும் இடம்.

இந்த வேலையைத் தகட்டு வேலை தெரிந்த, பாடி வெல்டிங்கில் கை பழகியவரிடமே கொடுங்கள். மெல்லிய தகட்டையும் தடித்த தகட்டையும் சேர்த்து வெல்டிங் செய்வதில், மேலே அழகாகத் தெரிந்தும் உள்ளே பிடிக்காமல் போவது சகஜம். கூரைத் துணி, உள்ளே ஒட்டியிருக்கும் தார் போன்ற சத்தத் தடுப்பு, பழைய நுரை எல்லாமே தீப்பிடிக்கும் பொருட்கள், ஆகவே சீட்டைக் கழற்றி, துணியை இறக்கி, பேட்டரியைத் துண்டித்து, ஒருவர் தண்ணீரோடு பக்கத்தில் நிற்க வேண்டும். தரையில் வேலை என்றால் அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று படுத்துப் பார்த்துவிட்டுத்தான் துளையோ நெருப்போ. வெல்டிங் செய்த இடத்தின் உட்பக்கத்தில் மெழுகு போன்ற துருத் தடுப்பை அடிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் துருப் பிடிக்கப்போகும் அடுத்த இடம் அதுதான்.

தரைப் பிடிமானம் இதைவிட எளிது, அடிப்பக்கம் கைக்கு எட்டும். பெரிய தகட்டை அடியில் வைத்து, போல்ட்டை மேலிருந்து விட்டால் பெல்ட் இழுக்கும்போது தகடு தரையோடு அழுந்தும். கூடுமானவரை வெறும் தட்டையான தரையின் நடுவில் வைக்காமல், சட்டமோ மடிப்போ தகடுகள் சேரும் இடமோ பக்கத்தில் இருக்கும்படி பாருங்கள். தட்டையான தரை விசை வந்தால் கூடாரம் போல் மேலெழும், அது எழும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் உங்கள் தலை ஸ்டீயரிங்கை நோக்கிப் போகும் தூரம்.

துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய காரில் பெல்ட்டின் கீழ் முனை வரும் இடமும் துரு விரும்பி வரும் இடமும் ஒன்றே. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், அது தரையோடு சேரும் ஓரம், தூணின் அடிப்பாகம். மேலே பளபளவென்று பெயின்ட் இருப்பதை நம்பாதீர்கள். காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி மேலே ஓட்டுங்கள். நல்ல தகட்டில் கையை இழுத்துப் பிடிக்கும், ஓட்டையை அடைத்துப் பூசிய புட்டி மேல் வந்ததும் பிடி தளர்ந்து வழுக்கும். அடியில் தடித்த கறுப்புப் பூச்சு இருந்தால் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள், ‘டிங்’ என்றால் சரி, ‘பொத்’தென்று உள்ளே இறங்கினால் பெல்ட் பேச்சை நிறுத்திவிட்டுத் தகட்டு வேலையை ஆரம்பியுங்கள். துருவேறிய தரையில் எவ்வளவு பெரிய தகடு வைத்தாலும், தகடு அப்படியே இருக்கும், சுற்றியுள்ள தரைதான் வட்டமாகப் பிய்ந்து வரும். ஃபைபர் பாடி உள்ள காராக இருந்தால் பாடியில் எதையும் தொங்கவிடும் எண்ணமே வேண்டாம், பிடிமானம் அடியிலுள்ள இரும்புச் சட்டத்துக்குப் போக வேண்டும்.

சரி, உறுதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கோணம். இதில் தவறினால் பெல்ட்டே காயப்படுத்தும்.

மேல் முனை உங்கள் தோள் உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. தோளுக்குக் கீழே, பின்னால் இருந்து பெல்ட் வந்தால் மோதலில் உடம்பு முன்னால் போகும்போது பெல்ட் தோளைக் கீழ்நோக்கி அழுத்தும், அந்த விசை முதுகெலும்பை மேலிருந்து நசுக்கும். தோள் மட்டத்தில் அல்லது கொஞ்சம் மேலே, தோளுக்குப் பின்னால் என்பதே சரியான இடம். ரொம்ப முன்னால் வந்தால் பெல்ட் தோளில் படியாமல் காற்றில் நிற்கும், ரொம்ப உள்பக்கம் என்றால் கழுத்தை அறுக்கும், வெளிப்பக்கம் என்றால் தோளில் இருந்து நழுவும். காரை ஓட்டும் எல்லோரையும் உட்காரவைத்து, சீட்டை அவரவர் ஓட்டும் இடத்துக்குத் தள்ளி, தூணில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பழைய பெல்ட் பட்டையை அங்கிருந்து மார்புக்குக் குறுக்காகப் பிடித்துப் பாருங்கள். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், தோள் எலும்பின் மேல் படிய வேண்டும். உயரமானவரும் குள்ளமானவரும் ஒரே காரை ஓட்டுகிறார்கள் என்றால் உயரமானவரை அளவாக வையுங்கள். குள்ளமானவருக்குக் கழுத்தில் உரசுவது தொந்தரவு, சீட்டை நகர்த்தியோ உட்காரும் உயரத்தை மாற்றியோ ஓரளவு சமாளிக்கலாம். உயரமானவருக்குத் தோளுக்குக் கீழே போனால் அது ஆபத்து.

உங்களுடையது நான்கு கதவு, தூண் இருக்கிறது, அதிர்ஷ்டம். நடுத்தூணே இல்லாத இரண்டு கதவு ஹார்ட்டாப்பும் திறந்த கூரை காரும் வைத்திருப்பவர்களுக்குத்தான் தலைவலி. 1968-ஐ ஒட்டிய அமெரிக்க ஹார்ட்டாப்களில் தோள் பட்டை தனியாக, கூரை ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கும், அதற்குத் தனி பக்கிள். இரண்டு தடவை மாட்டிக்கொள்ள யாருக்குப் பொறுமை, பெரும்பாலும் அது கிளிப்பிலேயே கிடந்தது. அந்தக் கூரைச் சட்டப் பிடிமானத்தை இன்றைய மூன்று முனை பெல்ட்டின் மேல் முனைக்குப் பயன்படுத்தும் கிட்கள் குறிப்பிட்ட சில மாடல்களுக்குக் கிடைக்கின்றன. திறந்த கூரை காரில் பின்சக்கர வளைவிலோ சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்பிலோ, பட்டை சுருண்டுகொள்ளும் ரீலை வைக்கும் வழி இருக்கிறது, ஆனால் உயரம் போதுமா என்று அளந்துதான் சொல்ல முடியும், பல கார்களில் போதாது. அப்போது மிஞ்சுவது, சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் செய்த வளைவுக் கம்பி. அதுவும் பிடிக்காது, அழகு கெடும் என்பவர்களுக்கு நான் சொல்வது, நல்ல இடுப்பு பெல்ட்டோடு நிதானமாக ஓட்டுங்கள். முதுகை நசுக்கும் தோள் பெல்ட்டைவிட அது மேல்.

பெல்ட் சேர்ந்தே வரும் புது கார் சீட்டைக் கொண்டுவந்து மாட்டுவது இப்போது பலர் செய்வது. அந்தச் சீட்டில் தோள் முனையின் விசை முழுதும் சாய்மானம் வழியாக அடிச்சட்டத்துக்கு வந்து, நான்கு போல்ட்டில் தரையைப் பிடித்து நெம்பும். அதற்கென்று செய்த தரையில் அது நிற்கும். பழைய காரில் சீட் தண்டவாளம் மாட்டியிருக்கும் தகடு, உட்கார்ந்திருப்பவரின் எடையைத் தாங்க மட்டும் செய்தது. தரையைப் புதிதாகவே கட்டப் போகிறீர்கள் என்றால் தவிர இதைத் தொடாதீர்கள். பெல்ட்டின் எந்த முனையையும் பழைய சீட்டிலேயே போல்ட் போடுவதும் இதே காரணத்தால் கூடாது.

இடுப்புப் பகுதி. பெல்ட் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல், தொடை சேரும் மடிப்பை ஒட்டிப் படிய வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தரை முனையில் இருந்து இடுப்புக்கு வரும் பட்டை, கிடைமட்டத்தில் இருந்து 45 முதல் 60 டிகிரி வரை ஏறுவது நல்லது. அமெரிக்க விதி 30 முதல் 75 வரை விடுகிறது. ரொம்பப் படுத்த கோணம் என்றால் மோதலில் இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவி முன்னால் போகும், பெல்ட் ஏறி வயிற்றுக்குள் அழுந்தும், குடலும் கல்லீரலும் அங்கேதான் இருக்கின்றன. பெஞ்ச் சீட்டில் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் சுருள்வில் வைத்த அந்த மெத்தை பின்பக்கமெல்லாம் அமுங்கும், முன்னால் தடுக்க ஒன்றும் இல்லை. மெத்தையின் ஸ்பிரிங் தொய்ந்து போயிருந்தால் பெல்ட்டுக்கு முன்பே அதைச் சரி செய்யுங்கள். இன்னொன்று, சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினால் இந்தக் கோணம் மாறும், தரை முனை நகராது அல்லவா? இரண்டு கோடியிலும் வைத்து அளக்க வேண்டும்.

பக்கிள் எங்கே நிற்கிறது என்பது இதோடு சேர்ந்தது. 1959-இல் வோல்வோவுக்காக நில்ஸ் போலின் மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்தபோது செய்த முக்கியமான காரியம், இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் சேரும் இடத்தை வயிற்றின் நடுவில் இருந்து எடுத்து, இடுப்புக்குப் பக்கத்தில், தாழ்வாக வைத்ததுதான். அவர் அதற்கு முன் சாப் விமானங்களில் விமானியைத் தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை பார்த்தவர், உடம்பின் எந்த இடம் விசையைத் தாங்கும் என்று தெரிந்தவர். வோல்வோ அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. இன்று நாம் மாட்டுவதும் அதே வடிவம்தான். ஆனால் தண்டு நீளமான பக்கிளை வாங்கிவிட்டால் அது இடுப்பைத் தாண்டி வயிற்றின் மேல் வந்து உட்காரும், அவர் செய்த வேலை அத்தனையும் வீண். பெஞ்ச் சீட்டில் தண்டு மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக மேலே வர வேண்டும், ஆகவே அந்த இடுக்கில் டேப் விட்டு அளந்து, பக்கிளின் வாய் இடுப்பு மட்டத்தில் நிற்கும் நீளத்தை எடுங்கள். நடுவில் ஒருவர் உட்காருவார் என்றால் அவருக்கு இடுப்பு பெல்ட் அப்படியே இருக்கட்டும், பக்கிள்கள் குழம்பாதபடி வேறு நிறம் வாங்குங்கள்.

ரீல் வாங்கும்போதுதான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். தானாகச் சுருளும் ரீலுக்குள் இரண்டு காவல்: பட்டையை வெடுக்கென்று இழுத்தால் பூட்டுவது ஒன்று, கார் திடீரென்று வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ பூட்டுவது மற்றொன்று. இரண்டாவது வேலையைச் செய்வது ஒரு சின்ன இரும்புக் குண்டு அல்லது ஊசல். அது புவியீர்ப்பை நம்பி நிற்கிறது, ஆகவே ரீலை எந்தக் கோணத்துக்குச் செய்தார்களோ அந்தக் கோணத்தில்தான் மாட்ட வேண்டும். ஐ.நா. ஒழுங்குவிதி 16-இன்படி ரீல் தன் சரியான நிலையில் இருந்து 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். கையில் எடுத்துப் பாருங்கள். நேராகப் பிடித்து பட்டையை மெதுவாக இழுத்தால் வழுவழுவென்று வரும். அப்படியே இழுத்துக்கொண்டே ரீலைச் சாய்த்தால், ஒரு இடத்தில் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், பட்டை கல் மாதிரி நிற்கும். திரும்ப நிமிர்த்தி, பட்டையைக் கொஞ்சம் உள்ளே விட்டால்தான் இளகும். தூணின் அடியில் நிமிர்த்தி மாட்டச் செய்த ரீலைச் சக்கர வளைவில் படுக்கவைத்தால் அது எப்போதுமே பூட்டி நிற்கும். அதைவிட மோசம், தப்பான கோணத்தில் குண்டு ஒரு மூலையில் கிடந்து, பட்டை தாராளமாக வருவது. பார்க்க நன்றாக வேலை செய்கிற மாதிரியே இருக்கும். சரிவான இடத்தில் மாட்ட வேண்டி வந்தால், காவல் பகுதியைத் திருப்பி வைத்துக்கொள்ளும் வசதியுள்ள ரீல் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். குண்டோ ஊசலோ இல்லாமல் விற்கும் மலிவு ரீல் வேண்டாம்.

தூணில் தொங்கும், பட்டை நுழைந்து வரும் வளையம் சுதந்திரமாக அசைய வேண்டும். போல்ட்டில் படி வைத்த புஷ், அலை வாஷர், இடைவெளி வளையம் எல்லாம் ஒரு வரிசையில் வரும், அதை மாற்றிப் போட்டு இறுக்கினால் வளையம் நெட்டுக்குத்தாக நின்றுவிடும், பட்டை ஒரு ஓரமாகக் குவிந்து சுருளாமல் சிக்கும். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, உடைத்த காரின் பெல்ட். மோதிய காரில் இருந்து வந்ததாக இருந்தால் பட்டை ஏற்கெனவே ஒரு தடவை இழுபட்டு, நீள வேண்டியதெல்லாம் நீண்டிருக்கும், அதற்கு இன்னொரு மோதல் கிடையாது. மோதாத கார் என்றாலும் வேறு சிக்கல்கள். இன்றைய ரீல்களில் மோதலின்போது பட்டையை வெடுக்கென்று பின்னால் இழுக்கும் சின்ன வெடிமருந்துக் குப்பி இருக்கிறது. அதை இயக்கும் கணினி உங்கள் காரில் இல்லை, ஆகவே அது வேலை செய்யாது, ஆனால் பக்கத்தில் வெல்டிங் செய்தால் வேலை செய்தாலும் செய்யும். இது போதாதென்று, நிறைய ரீல்களில் விசை ஒரு அளவைத் தாண்டினால் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் அமைப்பும் உண்டு, விலா எலும்பு உடையாமல் இருக்க. அது ஏன் அங்கே சரி? அப்படி விடும் நேரத்தில் எதிரே காற்றுப்பை விரிந்து உடம்பை வாங்கிக்கொள்ளும். உங்கள் காரில் காற்றுப்பை இல்லை. பட்டை விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு அங்குலமும் இரும்பு ஸ்டீயரிங்கை நோக்கி. ஆகவே “நவீன” பெல்ட் என்று சொல்லும்போது, இந்தச் சேட்டைகள் எதுவும் இல்லாத, காற்றுப்பை இல்லாத காருக்கென்று விற்கும் எளிய மூன்று முனை ரீல் பெல்ட்டையே நான் சொல்கிறேன். வாங்கும்போது பட்டையில் தைத்த லேபிளைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் ஐ.நா. விதிப்படி அங்கீகாரம் பெற்றது, அமெரிக்கப் பொருள் என்றால் எஃப்எம்விஎஸ்எஸ் 209 என்று எழுதியிருக்கும். லேபிளே இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பந்தயக் காரின் நான்கு முனை பெல்ட் போடலாமே என்று யாராவது சொல்வார்கள், பார்க்க வீரமாக இருக்கும். கவட்டை வழியாக வரும் பட்டை இல்லாத நான்கு முனையில், தோள் பட்டைகள் இறுகும்போது இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு மேல் இழுத்துவிடும். பின்முனையைத் தரையில் கட்டுவார்கள், அது மேலே சொன்ன முதுகு நசுக்கும் வேலைதான். கார் கவிழ்ந்து கூரை இறங்கினால் இரண்டு தோளையும் கட்டி நிமிர்த்தி வைத்த ஆள் சாய்ந்து தப்பவும் முடியாது. உள்ளே கம்பிக்கூண்டு இல்லாத, தெருவில் ஓடும் காருக்கு அது வேண்டாம்.

சீட்டையே யாரும் பார்ப்பதில்லை. இரண்டு கதவு கார்களில் முன்சீட்டின் சாய்மானம் பின்னால் ஏறுபவருக்காக முன்னால் மடியும், பல பழைய கார்களில் அதற்குப் பூட்டே கிடையாது. பெல்ட் உங்களைப் பிடித்து நிறுத்தும்போது சாய்மானமும், பின்னால் உட்கார்ந்திருப்பவரும் உங்கள் முதுகில் வந்து விழுவார்கள். பூட்டு ஒன்று போட்டுவிடுங்கள். தண்டவாளத்தின் பற்கள் தேய்ந்து சீட் ஆடுகிறதா என்றும் பாருங்கள். சாய்மானம் தோள் வரைதான் இருக்கிறது, தலைக்கு ஒன்றும் இல்லை என்பது பின்னால் இருந்து இடித்தால் கழுத்துக்குக் கேடு, பெல்ட் அதற்கு ஒன்றும் செய்யாது. அந்தக் காலத்திலேயே கூடுதலாக மாட்டும் தலைச்சாய்வு விற்றார்கள், உங்கள் மாடலுக்குப் பொருந்துவது கிடைத்தால் நல்லது.

பின்சீட்டுக்கும் போடலாம், தத்துவம் அதேதான். பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள அலமாரித் தகடு பார்க்க வசதியாகத் தெரியும், ஆனால் பல கார்களில் அது வெறும் அட்டையோ மெல்லிய தகடோதான், அடியில் குறுக்குச் சட்டம் வைக்காமல் ரீலை அதில் மாட்டாதீர்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பெல்ட் இல்லாமல் வந்த காருக்குப் பெல்ட் கட்டாயம் இல்லை என்று பல இடங்களில் விலக்கு உண்டு, ஆனால் மாட்டிவிட்டால் அது முறைப்படி இருக்க வேண்டும், தூணை வெட்டி வெல்டிங் செய்தால் பரிசோதனை வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள். வெட்டுவதற்கு முன் வண்டிப் பதிவு அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

மாட்டி முடித்ததும் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, முழு எடையையும் போட்டு இழுங்கள், ஒருவர் தூணிலும் இன்னொருவர் தரையிலும் கண் வைத்திருக்கட்டும். 1,400 கிலோவுக்கு முன் உங்கள் எடை ஒன்றுமே இல்லை, அதற்கே தகடு அசைந்தால் அல்லது ‘டப்’பென்று அமுங்கினால் வேலை சரியில்லை, பிரித்துப் பாருங்கள். அசையவில்லை என்பதால் உறுதி நிரூபணமாகிவிடாது, அதற்குத் தகடும் வெல்டிங்கும்தான் சாட்சி. பிறகு ஆளில்லாத திறந்த இடத்தில், நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போய், பட்டையைக் கையால் மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கும்படி பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, பிரேக்கை அழுத்துங்கள். பட்டை நின்றால் குண்டு வேலை செய்கிறது. வீட்டில் உட்கார்ந்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பது முதல் காவலை மட்டுமே சோதிக்கும்.

ஆர்டர் செய்வது இதற்கெல்லாம் கடைசியில், பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். கடைக்காரரிடம் சொல்ல வேண்டியவை: மரையின் அளவு, ரீல் நிற்கும் இடமும் அதன் சாய்வும், ரீலில் இருந்து மேல் வளையம் வரை, அங்கிருந்து சீட் கடைசிவரை பின்னால் இருக்கும்போது பெரிய உடம்புக்காரரின் மார்பைச் சுற்றி பக்கிள் வரை, பக்கிளில் இருந்து மடியைச் சுற்றி வெளித்தரை முனை வரை பட்டையின் மொத்த நீளம், அப்புறம் பக்கிள் தண்டின் நீளம். பட்டை நீளம் கூடினால் ரீலில் சுற்றிக்கொள்ளும், பாதகமில்லை, குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தண்டு நேர்மாறு, சந்தேகம் வந்தால் குட்டையானதை எடுங்கள்.